அந்தச் சிரிப்பை வரைந்தது நானில்லை

போன மாதம் உருவப்படம் வரைகிற நாம் எல்லாரும் தில்லைநகரில் ஒரு வீட்டு மாடியில் கூடியபோது, உங்களில் புதிதாக வந்த ஒரு பெண் சபையில் வைத்தே என்னைக் கேட்டாள்: "ஆன்ட்டி, இந்த ஏஐ படமெல்லாம் வந்ததும் பயந்துதான் ஆர்டர் எடுக்கறத நிறுத்திட்டீங்களாமே?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். தோள்பட்டை வலி என்று ஏதோ சொன்னேன். வலி உண்மைதான். ஆனால் வீடு வந்து சேர்ந்த பிறகுதான் சரியான பதில் தோன்றியது. பயம் வந்திருந்தால் சமாளித்திருப்பேன். எனக்கு வந்தது பொறாமை. அதைப் பற்றி இந்தத் தொழிலில் மூத்தவர்கள் யாரும் உங்களிடம் பேச மாட்டார்கள். "கை வேலைக்கு என்னைக்கும் மதிப்பு இருக்கு, கவலைப்படாதீங்க" என்று முதுகில் தட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. என் பெயர் எமிலி. மேலப்புதூரில் வீடு. இளம் வயதில் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூடியோவில் கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு வர்ணம் தீட்டினேன். பிறகு சொந்தமாக எண்ணெய் வர்ணத்தில் ஆள் படங்கள். வந்தவற்றில் முக்கால்வாசி இறந்தவர்களுடையவை. செத்தவர்களை வரைவதுதான் என் பிழைப்பு என்று என் வீட்டுக்காரர் வேடிக்கையாகச் சொல்வார். அந்த ஸ்டூடியோ முதலாளி ஒரு பழக்கத்தை எனக்கு ஏற்படுத்திவிட்டுப் போனார். "வீட்டுக்காரங்க படத்தைப் பாக்கும்போது நீ படத்தைப் பாக்காதம்மா. அவங்க மூஞ்சியப் பாரு. உனக்கு மார்க் அங்கதான் போடறாங்க" என்பார். கடைசிவரை அப்படித்தான் செய்தேன். அதுவே ஒருநாள் எனக்கு வினையாயிற்று.

பொன்மலைப்பட்டியில் சவரிமுத்து என்று ஒருவர். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி லூர்துமேரி இறந்து வருஷம் திரும்ப இருந்தது. நினைவு நாளுக்கு ஹாலில் மாட்டுகிற அளவில் ஒரு படம் வேண்டும் என்று வந்தார். கையில் ஒரே ஒரு போட்டோ, ரயில்வே ஆஸ்பத்திரி கார்டுக்காக எடுத்தது.

"வேற இல்லையாங்க?"

"கேமராவக் கண்டாலே ஓடிடுவாங்கம்மா. கல்யாண வீட்டு போட்டோ எதுல பாத்தாலும் யாரு பின்னாடியாவது ஒளிஞ்சுதான் நிப்பா."

கார்டு போட்டோவில் அந்தம்மா பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டதும் எழுந்து நிற்கிற பிள்ளையைப் போல விறைத்திருந்தார். நல்ல கறுப்பு. அகலமான நெற்றி. நான் அதில் இருந்ததை இருந்தபடி வரைந்தேன். பல வாரம் உட்கார்ந்த வேலை. அந்த நெற்றியில் வெளிச்சம் விழுகிற இடம் என் வாழ்நாளில் செய்த நல்ல வேலைகளில் ஒன்று என்று இப்போதும் சொல்வேன். சவரிமுத்து வந்து பார்த்தார். "அப்படியே இருக்குங்கம்மா" என்றார். முகத்தில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. ஆம்பிளைகள் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

நினைவு நாளன்று காலையில் கோயிலில் பூசை, பிறகு அவர் வீட்டில் சாப்பாடு. என்னையும் கூப்பிட்டிருந்தார். ஹாலுக்குள் நுழைந்தால் சுவரில் இரண்டு லூர்துமேரி.

ஒன்று என்னுடையது. இன்னொன்றை அவர் மகள் ஜெனிட்டா அப்பாவுக்குச் சொல்லாமல் ஆன்லைனில் ஆர்டர் பண்ணியிருந்தாள். ஸ்ரீரங்கத்தில் யாரோ பழைய போட்டோவை வாங்கி ஏஐயில் போட்டு, கேன்வாசில் பிரிண்ட் எடுத்து, ஃப்ரேமோடு அனுப்புகிறார்களாம். முந்தின நாள்தான் வந்ததாம். அரக்குப் பட்டு, கழுத்தில் காசு மாலை, முகத்தில் ஒரு வெளிச்சம், உதட்டின் ஒரு ஓரம் மட்டும் மேலே ஏறிய சிரிப்பு. அன்று அந்த முகத்தைத் தாண்டிப் பின்னால் இருந்த எதுவும் என் கண்ணில் படவில்லை.

பழக்க தோஷத்தில் வந்தவர்களின் முகங்களைப் பார்த்தேன். ஒருவர்கூட என் படத்தின் பக்கம் நிற்கவில்லை. மணப்பாறையிலிருந்து வந்த லூர்துமேரியின் தங்கை நேரே அந்தப் பிரிண்டுக்குப் போய் அதன் கன்னத்தில் கையை வைத்தார். "சிரிக்கிறியே அக்கா, எங்கள விட்டுட்டுப் போயிட்டு சிரிக்கிறியே" என்று அழ ஆரம்பித்தார். பக்கத்து வீட்டுப் பெண்கள் அவரைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். என் படம் பக்கத்தில், ரேஷன் கடை வரிசையில் நிற்கிற ஆள் மாதிரி நின்றுகொண்டிருந்தது.

இத்தனை வருஷத்தில் என் படத்தின் முன்னால் யாராவது இப்படி அழுதிருக்கிறார்களா என்று யோசித்துப் பார்த்தேன். "நல்லா வந்திருக்குங்க" என்பார்கள். காபி கொடுப்பார்கள். அவ்வளவுதான்.

வயிறு எரிந்தது. வாய் சும்மா இருக்கவில்லை. ஜெனிட்டாவிடம், நாலு பேர் காதில் விழும்படியே கேட்டேன்: "ஏம்மா, அம்மா இவ்வளவு செவப்பாவா இருந்தாங்க?"

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "இல்ல ஆன்ட்டி. ஆனா ஒரு போட்டோலயாவது செவப்பா விழணும்னு சாகற வரைக்கும் ஆசப்பட்டாங்க" என்றாள்.

அதற்கு மேல் எனக்குப் பிரியாணி இறங்கவில்லை.

மறுநாள் முதல் எனக்கு ஒரு வியாதி பிடித்தது. மத்தியானம் சாப்பிட்டதும் போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, அந்த ஸ்ரீரங்கத்துக்காரியின் பக்கத்தைப் பார்ப்பேன். வைதேகி என்று பெயர் போட்டிருந்தது. ஒவ்வொரு படத்துக்கும் கீழே "கண்ணு கலங்கிடுச்சு", "எங்கப்பா திரும்பி வந்துட்டாரு" என்று எழுதியிருப்பார்கள். ஒன்றுவிடாமல் படிப்பேன். பிறகு படத்தைப் பெரிதாக்கித் தப்பு தேடுவேன். ஒரு தாத்தாவின் கையில் ஆறு விரல் கிடைத்தது. லாட்டரி விழுந்த மாதிரி இருந்தது. ஓடிப்போய் என் வீட்டுக்காரரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எண்ணிப் பார்த்தார். "ஆமா, ஆறுதான். ஆனா மூஞ்சி நல்லாருக்கு பாரேன்" என்றார். அன்று அவருக்குச் சாயங்காலக் காபி கிடைக்கவில்லை.

உங்களுக்கும் இது நடக்கும். நீங்கள் கண்டுபிடித்த ஆறாவது விரலைப் பற்றி வாடிக்கையாளருக்கு ஒரு கவலையும் இருக்காது. அந்த வாக்குவாதத்தில் இறங்காதீர்கள். நான் இறங்கித் தோற்றவள்.

இப்படிப் பார்த்துக்கொண்டே வந்ததில்தான் ஒருநாள் அந்தத் திரை கண்ணில் பட்டது. நான் வரைகிற ஆட்களுக்குப் பின்னால் எப்போதும் ஒரு கரும்பச்சைத் திரை இருக்கும். அதன் மடிப்புகளில் இடது பக்கத்திலிருந்து வெளிச்சம் வழியும். எனக்கென்று நான் உண்டாக்கிக்கொண்டது. வைதேகியின் படங்களில் வரிசையாக அதே திரை, அதே மடிப்பு, அதே வெளிச்சம். லூர்துமேரிக்குப் பின்னாலும் அதுதான்.

அடுத்த நாள் காலை ஸ்ரீரங்கம் போகச் சத்திரத்தில் ஒன்றாம் நம்பர் பஸ் ஏறினேன். காவிரிப் பாலம் தாண்டும்வரை என்னென்ன திட்ட வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். சொல்லச் சொல்ல நன்றாகவே வந்தது.

வைதேகி தன் பக்கத்தில் போட்டிருந்த விலாசப்படி, வீடு அம்மா மண்டபம் ரோட்டில் ஒரு அடுக்குமாடியில் இருந்தது. கதவைத் திறந்தவளுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். நெற்றியில் ஸ்ரீசூர்ணம், காதில் போன். போனில் யாரிடமோ, "நீங்க அழாம சொல்லுங்கோ, நான் கேட்டுண்டுதான் இருக்கேன்" என்று சொல்லியபடியே கையால் என்னை உட்காரச் சொன்னாள். அவள் பேசி முடிக்கிறவரை நான் உட்கார்ந்திருக்க வேண்டியதாயிற்று. மறுமுனையில் இருந்தவர் யாரோ அப்பாவைப் பறிகொடுத்தவர். "அப்பா பேப்பர் படிக்கறச்சே கண்ணாடிய எங்க வெச்சுப்பார்? மூக்கு நுனியிலயா? கோபம் வந்தா பேசாம இருப்பாரா, கத்துவாரா?" இப்படியே கேட்டுக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷத்தில் நான் ஒரு வீட்டிலும் இதைக் கேட்டதில்லை. "இதைவிடத் தெளிவா வேற போட்டோ இருக்கா?" என்பதுதான் நான் கேட்ட ஒரே கேள்வி.

போனை வைத்துவிட்டு, "வாங்கோ மாமி, தீர்த்தம் சாப்பிடறேளா?" என்றாள்.

நான் தண்ணீரை வாங்காமல் திரையைப் பற்றிக் கேட்டேன். அவள் மழுப்பவில்லை.

"உங்களோடதா அது? ஐயோ, நீங்கதான் எமிலி மாமியா! உங்க படம் ஒண்ணை நெட்ல பாத்தேன். இந்த மாதிரி வேணும்னு ஏஐகிட்ட குடுத்தேன். நிஜமாச் சொல்றேன், அதுக்கு முன்னாடி நான் போட்டதெல்லாம் சினிமா போஸ்டர் மாதிரி இருந்தது. உங்க திரை வந்தப்புறம்தான் மனுஷாளுக்கு ஒரு கௌரவம் வந்தது."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவும் செய்தது. ஆனால் அதற்கு ஒரு நொடி முன்னால் வேறொன்று வந்துவிட்டது. என் திரையை இவ்வளவு சரியாக இதுவரை யாரும் பாராட்டியதில்லை. அதை இவளா சொல்ல வேண்டும்!

"கேக்காம எடுத்துருக்கீங்க" என்றேன்.

"தப்புதான் மாமி. எடுத்துடறேன்." என் கண் முன்னாலேயே அந்தப் படங்களை ஒவ்வொன்றாக நீக்கினாள். சண்டைக்கென்று கட்டிக்கொண்டு போன வார்த்தைகளையெல்லாம் திரும்பத் தூக்கிக்கொண்டு வர வேண்டியதாகிவிட்டது. கிளம்புமுன் ஒன்று மட்டும் கேட்டேன்: "லூர்துமேரிக்கு அந்தச் சிரிப்பு எங்கேருந்து வந்துச்சு? போட்டோல இல்லையே."

"அவா பொண்ணு சொன்னா. அம்மாவுக்கு ஒரு பல்லு கொஞ்சம் முன்னாடி நீட்டிண்டிருக்குமாம். அது தெரியாம இருக்கணும்னு உதட்டை அழுத்திண்டு ஒரு ஓரமா சிரிப்பாளாம். அதைச் சொல்லிச் சொல்லிப் போட்டேன். அது ஆயிரம் விதமா சிரிச்சுது. ஒவ்வொண்ணா அனுப்பினேன். ஒண்ணைப் பாத்துட்டு, 'இதுதான் எங்கம்மா'ன்னு அந்தப் பொண்ணு போன்லயே ஓன்னு அழுதுட்டா."

இரண்டு நாள் கழித்து அவள் பக்கத்தைப் பார்த்தேன். அதே படங்கள் நீலத் திரையோடு திரும்ப வந்திருந்தன. நீலமும் நன்றாகத்தான் இருந்தது. எனக்குப் பச்சையைக் கண்டுபிடிக்கப் பல வருஷம் ஆயிற்று. அவளுக்கு நீலம் கிடைக்க ஒரு மத்தியானம் போதுமாயிருந்தது. அன்று உட்கார்ந்து அழுதேன் என்று சொல்ல வெட்கமாக இல்லை.

இப்போது உங்களுக்கு நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன்.

ஒரு வாரம் போயிருக்கும். சவரிமுத்து ஆட்டோவில் வந்து இறங்கினார். ஒரு பழைய போர்வையில் எதையோ சுற்றி எடுத்து வந்து என் மேஜைமேல் வைத்தார். பிரித்தால் அந்தப் பிரிண்ட்.

"எமிலிம்மா, இதுல அவ நெறத்தக் கொண்டாந்துடுங்க. உங்களால முடியும்."

யோசித்துப் பாருங்கள். எவள் படத்தைப் பார்த்து இத்தனை நாள் வெந்துகொண்டிருந்தேனோ, அந்தப் படத்தை என் கையில் கொடுத்து, 'இது சரியில்லை, திருத்து' என்கிறார் அந்த அம்மாவின் கணவரே. கேன்வாஸ்தான். மேலே ஒரு பூச்சு கொடுத்துவிட்டால் என் வர்ணம் நன்றாகவே உட்காரும். முகத்தில் ஆரம்பித்து அந்தச் சிரிப்பு வரை மூடிவிடலாம். அந்த நெற்றியை மறுபடி வைத்துவிடலாம். ஒரு மூலையில் பச்சைத் திரையைக்கூட என் கையால் மேலும் அழுத்திவிடலாம். எல்லாம் ஒரு நொடியில் மனதில் ஓடியது. கை பிரஷ் இருக்கிற பக்கம் போயேவிட்டது.

அப்படிப் போனதுதான் எனக்குப் பயம் தந்தது. எந்த வேலைக்கும் என் கை இவ்வளவு அவசரப்பட்டதில்லை.

"ஜெனிட்டாவுக்குத் தெரியுமாங்க?" என்று கேட்டேன்.

"தெரியாது. அவகிட்ட எதுக்கு? பொண்டாட்டி எனக்குத்தான."

"அம்மா அவளுக்குத்தானேங்க."

அவர் போர்வையின் ஓரத்தை இழுத்து மடித்தார்.

"லூர்துமேரி அக்கா செவப்பா விழணும்னு ஆசப்பட்டாங்கன்னு அன்னிக்கு ஜெனிட்டா சொன்னா. அது நெசமா?"

"நெசந்தான். கல்யாணத்தன்னிக்குப் பவுடர அப்பிக்கிட்டு வந்து நின்னா. நான் சிரிச்சுட்டேன். அப்புறம் ஒரு வாரம் பேசல."

"அப்ப இது அவங்க ஆசைங்க. நீங்களும் மகளும் பேசி ஒரு முடிவுக்கு வந்தாத்தான் நான் இதத் தொடுவேன்."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்க படத்தயே எடுத்து மாட்டிக்கிடலாம்னு பாத்தேன். அது ஆஸ்பத்திரில டாக்டருக்காகக் காத்துக்கிட்டு இருக்கறவ மூஞ்சி. இது அவ சிரிப்பு, ஆனா யாரோ செவத்த பொம்பள. நான் எங்கதான் போறது?" என்று சொல்லிவிட்டுப் போர்வையைச் சுற்றிக்கொண்டு போய்விட்டார்.

அவர் போன பிறகுதான் அவர் சொன்னது எனக்கு உறைத்தது. என் வாழ்நாளின் நல்ல வேலை என்று நான் நினைத்துக்கொண்டிருந்த படத்தைப் பற்றி அவர் சொன்னது சரி. நான் ஒரு போட்டோவை வரைந்திருந்தேன். அதில் இருந்த அம்மாவை எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் இல்லை.

உங்களில் யாருக்காவது போட்டியாளரின் வேலையைத் திருத்தச் சொல்லி ஆர்டர் வந்தால், அன்றைக்கே கை வைக்காதீர்கள். திருத்தக் கூடாது என்று சொல்லவில்லை. அன்றைக்கு நீங்கள் திருத்துவது படத்தில் இருக்கிற ஆளையா, அதைச் செய்த ஆளையா என்று உங்களுக்கே தெரியாது.

இரண்டு வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெனிட்டா திருவெறும்பூரிலிருந்து ஸ்கூட்டரில் வந்தாள். பின்னால் அப்பா, நடுவில் அந்தப் படம்.

"ஆன்ட்டி, நீங்க தொடமாட்டேன்னு சொன்னீங்களாம். வீட்ல ஒரே சண்ட. இப்ப நானே கேக்கறேன், செஞ்சு குடுங்க."

"உனக்குச் சம்மதமா? அம்மாவோட ஆசைன்னியே."

அவள் தன் முன்கையை நீட்டிப் பார்த்துக்கொண்டாள். அவளும் அம்மா நிறம்தான். "அம்மா எனக்கும் பவுடர் போட்டுத்தான் ஸ்கூலுக்கு அனுப்புவாங்க. அவங்க பாவம், அவங்களுக்கு அப்படிச் சொல்லிக்குடுத்துட்டாங்க. ஆனா அப்பா அந்தப் படத்துகிட்ட பேச மாட்டேங்கறாரு ஆன்ட்டி. அம்மா போனதுலேருந்து கார்டு போட்டோவ வெச்சுக்கிட்டாவது எதையாவது சொல்லிக்கிட்டிருப்பாரு. இது வந்ததுலேருந்து, வீட்டுக்கு வந்த விருந்தாளி முன்னாடி நிக்கற மாதிரி நிக்கறாரு."

நான் வைதேகிக்குப் போன் செய்தேன். உங்கள் படத்தில் கை வைக்கப் போகிறேன் என்று சொல்ல வேண்டியது தொழில் முறை. மறுத்துவிடுவாள் என்று மனதின் ஒரு மூலை எதிர்பார்த்தது. அப்போது நான் நல்லவள், அவள் கெட்டவள் என்று ஆகியிருக்கும்.

"பேஷா பண்ணுங்கோ மாமி! நெறம் எனக்கும் உறுத்திண்டேதான் இருந்தது. கறுப்பாக் குடுன்னு எத்தனை தரம் சொன்னாலும் அது வெளுத்துத்தான் குடுத்தது. அவா பொண்ணு போறும்னுட்டா, நானும் விட்டுட்டேன். நீங்க பண்ணினா பெருமாள் கிருபைதான்."

அதற்குக்கூட அவள் எனக்கு இடம் கொடுக்கவில்லை.

அப்பாவையும் மகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே வேலை செய்தேன். வாழ்க்கையில் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை. ஞாயிறு ஞாயிறாக வந்தார்கள். நான் ஒரு நிறத்தை வைப்பேன். "இன்னும்" என்பார் சவரிமுத்து. "போதும்ப்பா" என்பாள் ஜெனிட்டா. ஒருநாள் கன்னத்துக்காக இருவரும் உரக்கச் சண்டை போட்டார்கள். வெயிலில் துணி காயப்போட்டுவிட்டு வரும்போது அம்மா எப்படி இருப்பாள் என்று ஆரம்பித்து, அவள் எந்தக் கொடியில் போடுவாள், யாரைத் திட்டிக்கொண்டே போடுவாள் என்று போய், கடைசியில் இருவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் பிரஷை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் கன்னம் எனக்கு அன்றுதான் பிடிபட்டது.

நெற்றி, கன்னம், கழுத்து, கை எல்லாம் லூர்துமேரிக்குத் திரும்பி வந்தன. காசு மாலையை ஜெனிட்டா எடுக்கச் சொன்னாள். எடுத்துவிட்டு மெல்லிய செயின் போட்டேன். பட்டுப் புடவை இருக்கட்டும் என்றார்கள். உதட்டுக்கு வந்தபோது நிறத்தை மட்டும் ஒத்திவிட்டு விட்டுவிட்டேன். கோட்டைத் தொடவில்லை. தொட ஆசை இல்லாமலில்லை. இரண்டு தடவை பிரஷ் அந்த ஓரத்துக்குப் போய்விட்டு வந்தது. அதைவிட நன்றாக என்னால் வைக்க முடியாது என்று என் கைக்குத் தெரிந்திருந்தது. அதை ஒப்புக்கொள்ளத்தான் நாளாயிற்று.

முடிந்ததும் நானே கூடப் போய்ப் பொன்மலைப்பட்டியில் மாட்டிவிட்டு வந்தேன். என்னுடைய பழைய படத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று நான்தான் சொன்னேன். ஆணி அடித்து, நேராக இருக்கிறதா என்று ஜெனிட்டா தள்ளி நின்று பார்த்தாள். சவரிமுத்து கிட்டே போய் நின்றார். நெற்றியைப் பார்த்தார், உதட்டைப் பார்த்தார். பிறகு, சமையல்கட்டில் இருக்கிற ஆளிடம் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார்:

"இன்னிக்குப் பால்காரன் வரல லூர்து. கடைலதான் வாங்கணும்."

ஜெனிட்டா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நான் அங்கேயே நின்றிருந்தேன். கண்ணெல்லாம் நிறைந்திருந்தது. அப்படி நிறைந்திருந்தபோதே, அவர் இப்போது பேசியது நான் வைத்த நிறத்திடமா, வைதேகி கொண்டுவந்த சிரிப்பிடமா என்று மனதுக்குள் பங்கு பிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.